மைக்கை எடுத்துவிட்டால் ஓசை குறையாது: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நம் வளாகத்தின் பின்சுவரை ஒட்டிய காபிக்கடையின் கூடத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாலை ஜாஸ் பாட்டு நிகழ்ச்சி நடந்துவந்தது. அதில் இனி யாரும் பாடக்கூடாது, மைக் வைக்கக்கூடாது, வேண்டுமானால் கீபோர்டு மட்டும் பின்னணி இசையாக வாசித்துக்கொள்ளலாம் என்று செயற்குழு முடிவெடுத்திருப்பதையும், அதன் நகல் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதையும் லிஃப்ட் அருகே ஒட்டியிருந்த அறிவிப்பில் படித்தேன். கடைக்காரர் இதற்கு உடன்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றும் அதில் இருக்கிறது. அவர் வாடகைக்கு இருப்பவர். ஒருபுறம் ஒரு வளாகம் முழுவதும், மறுபுறம் காவல் நிலையமும் நிற்கும்போது அவர் வேறென்ன எழுதிக் கொடுத்திருக்க முடியும்? அந்தக் கையெழுத்தை உங்கள் முடிவின் நியாயத்துக்குச் சான்றாகக் காட்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் பி பிளாக்கின் இரண்டாம் தளத்தில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். நம் வளாகத்தில் அந்தக் கூடத்துக்கு மிக அருகில் இருப்பது என் வீடுதான். என் அம்மாவின் படுக்கையறை ஜன்னல் நேராக அந்தக் கூடத்தின் சுவரைப் பார்த்துத்தான் திறக்கிறது; நடுவில் இருப்பவை ஒரு குறுகிய சந்தும் நம் வேப்பமரமும் மட்டுமே. "குடியிருப்பாளர்களிடமிருந்து வந்த தொடர் புகார்களின் பேரில்" என்று அறிவிப்பு தொடங்குகிறது. அந்தப் பக்கம் ஜன்னல் உள்ள நாலு வீடுகளில் மூன்று வீட்டாரிடம் நான் பேசினேன். அவர்களில் எவரும் புகார் கொடுக்கவில்லை, எவரையும் யாரும் வந்து கேட்கவுமில்லை. புகார் கொடுத்திருப்பவர்கள் ஏ பிளாக் தரைத்தளத்தில் இருக்கும் இரண்டு குடும்பத்தினர் என்று பிறகு அறிந்தேன். அவர்களுடைய குறையில் உண்மை இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். ஆனால் அந்தக் குறைக்கும் நீங்கள் எடுத்த முடிவுக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் நான் இந்த மடலில் சொல்ல வருவது.

அந்த நிகழ்ச்சிக்கு நான் முதன்முதலில் போனது பாட்டுக் கேட்பதற்காக அல்ல. சென்ற ஆண்டு பிப்ரவரியில் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்த மூன்றாம் நாள், கடையின் முன்னால் நிகழ்ச்சி பற்றிய அட்டையைப் பார்த்தேன். எண்பத்தொரு வயதில், மாத்திரையின் துணையோடு இரண்டு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்காத ஒருவரின் ஜன்னலுக்கு எதிரே மேற்கத்தியப் பாட்டுக் கச்சேரியா என்ற கோபத்தோடு, நிறுத்தச் சொல்லத்தான் மாலை ஏழேகாலுக்குக் கீழே இறங்கிப் போனேன். கூடத்தின் கதவைத் தள்ளியபோது நிகழ்ச்சி ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. வெளியே நின்றபோது அது எனக்குத் தெரியவில்லை. நாற்பது நாற்காலிகள், அவற்றில் முப்பது பேர். ஒரு பியானோ, ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸ் என்ற தந்தி வாத்தியம், ஒரேயொரு சிறிய ஸ்நேர் டிரம், மைக்கை உதட்டுக்கு வெகு அருகில் பிடித்தபடி ஓர் இளம்பெண். அவர் பாடியது என் வீட்டு வரவேற்பறையில் நாங்கள் பேசிக்கொள்ளும் குரலைவிடத் தாழ்ந்த குரலில். டிரம்மை வாசித்தவர் குச்சிகளை எடுக்கவேயில்லை. மெல்லிய கம்பிகளால் ஆன பிரஷ்ஷைத் தோலின்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முறத்தில் அரிசி புடைக்கும்போது எழுமே, அந்த ஓசைதான் அந்தக் கூடத்தில் தாளமாக இருந்தது. நிறுத்தச் சொல்லப் போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சத்தம் தொந்தரவு செய்ததா என்று கேட்டேன். எந்தச் சத்தம் என்று கேட்டார். அதற்கடுத்த மாதம், பாட்டு எப்படியிருக்கும் என்று கேட்க ஆசைப்பட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். காதில் விழுந்தது, முக்கில் திரும்பும் மாநகரப் பேருந்தின் உறுமலும் நம் மோட்டார் அறையின் இரைச்சலுமே. மே மாதத்தில் அவர் சக்கர நாற்காலியில் கூடத்துக்கே வந்து கேட்டார். அதன் பிறகு ஒரு நிகழ்ச்சியைக்கூட அவர் தவறவிடவில்லை. உங்கள் அறிவிப்பில் "முதியோரின் நலன் கருதி" என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இனி, முடிவின் மையத்தில் இருக்கும் தவறுக்கு வருகிறேன். மைக் என்றால் சத்தம், மைக்கை எடுத்துவிட்டால் அமைதி என்று செயற்குழு கருதியிருக்கிறது. கோயில் திருவிழாவிலும் தேர்தல் கூட்டத்திலும் நாம் மைக்கைக் காணும் விதத்தை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் பாட்டின் வரலாறு நேர்மாறானது. மைக் வராத காலத்தில் நம் நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா எட்டாத உயரத்துச் சுருதியில் பாடியதற்கு அவருடைய சாரீர வளம் மட்டும் காரணமல்ல. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்குப் பாட்டு போய்ச் சேர வேறு வழி இருக்கவில்லை. கர்நாடக இசை மேடைக்கு மைக் வந்த பின்புதான் தாழ்ந்த சுருதியும் மெல்லிய கமகமும் பெரிய சபையில் கேட்கத்தக்கவை ஆயின. அமெரிக்காவிலும் நடந்தது இதுவேதான். பெஸ்ஸி ஸ்மித் போன்ற புளூஸ் பாடகிகள் அரங்கம் முழுவதையும் தங்கள் தொண்டையாலேயே நிரப்ப வேண்டியிருந்தது. 1920களின் நடுவில் மின்சார மைக் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும், பிறகு மேடைகளுக்கும் வந்தபோதுதான், சின்னக் குரல் கொண்ட ஒருவரும் பெரும் பாடகராக முடியும் என்ற நிலை உருவானது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் குரல் வீச்சு குறுகியது, வலிமையும் அதிகமில்லை. ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைப்பது, ஒரு மூச்சைப் பாதியில் விடுவது, ஒரு வரியின் கடைசி எழுத்தைக் கிட்டத்தட்டப் பேச்சாக்கிவிடுவது ஆகியவற்றால்தான் அவர் உலகத்தைக் கட்டிப்போட்டார். அத்தனையும் மைக் இல்லையென்றால் இரண்டாவது வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஆக, அந்தப் பெண்ணிடமிருந்து மைக்கைப் பிடுங்கினால் அவர் மெதுவாகப் பாட மாட்டார், உரக்கப் பாடுவார். அவர் உரக்கப் பாடினால் பியானோ வாசிப்பவரும் அழுத்தி வாசிப்பார். மெல்லப் பாடுவதற்கான கருவியைத் தடை செய்துவிட்டு அமைதியை எதிர்பார்க்கிறது உங்கள் தீர்மானம்.

பாடகியை அடியோடு விலக்கிவிட்டுக் கீபோர்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வதையும் ஒரு சமரசம் என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். அங்கே நடப்பது என்னவென்று விளக்கினால் அது ஏன் சமரசமாகாது என்பது தெரியும். பாடகி விரலைச் சொடுக்கி வேகத்தைக் காட்டுவார். முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் அல்ல, இரண்டிலும் நான்கிலும். பெரும்பாலான பழைய பாட்டுகள் முப்பத்திரண்டு அளவைகள் (நான்கு அடிகள் கொண்ட தாளக் கூறுகள்) கொண்டவை. ஒரு சுற்று பாட்டை உள்ளபடியே பாடுவார். அடுத்த சுற்றில் பியானோக்காரர் அதே சுரக்கூட்டுகளின் மேல் தன் கற்பனையை விரிப்பார், பிறகு பாஸ். அதன் பின் நாலு நாலு அளவைகளாகப் பங்கிட்டு ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்பு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாடகி சொல்லே இல்லாத அசைகளால் அந்தப் பங்கீட்டில் சேர்ந்துகொள்வார். கடைசிச் சுற்றில் அவர் திரும்பப் பாடும்போது அதே வரிகள் வேறு மெட்டில், வேறு இடைவெளிகளோடு, முதலில் இல்லாத ஒரு பொருளோடு வரும். நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் திரும்பல்தான் உயிர். நிரவலுக்கும் இதற்கும் இலக்கணம் வேறு என்பதை அறிவேன். ஆனால் ஒரு வரியை வைத்துக்கொண்டு அதை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமை இரண்டுக்கும் பொது.

இதில் பாட்டுச் சொற்களை எடுத்துவிட்டால் மற்றவர்கள் எதைச் சுற்றி வாசிப்பார்கள்? 1937இல் பில்லி ஹாலிடே பாடிய இசைத்தட்டுகளில் லெஸ்டர் யங் சாக்சபோன் வாசித்திருப்பதைக் கேட்டிருப்பவர்கள், அந்த வாத்தியம் அவருடைய வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் மௌனத்தில் பேசுவதைக் கவனித்திருப்பார்கள். நம் ஊரில் பக்கவாத்தியம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு அதற்கும் உண்டு. வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு அனுமதி உண்டு, ஆனால் பாடகர் மட்டும் வரக்கூடாது என்று ஒரு சபாவுக்கு நாம் கடிதம் எழுதுவோமா?

"பின்னணி இசை" என்ற சொல்லும் எனக்கு வேதனை தந்தது. அந்தக் கூடத்தில் பாட்டு நடக்கும்போது காபி இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள்; ஆவியின் சீறல் மெல்லிய பாட்டைக் கெடுக்கும் என்பதால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் காபி. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 1938 டிசம்பரில் திறந்த கஃபே சொசைட்டி என்ற சிறிய நிலவறை அரங்கத்தில் இதே வழக்கத்தின் மிகக் கண்டிப்பான வடிவம் இருந்தது. கறுப்பின மக்கள் மரங்களில் தூக்கிலிடப்பட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிய ஒரு பாட்டை 1939இல் பில்லி ஹாலிடே அங்கே பாடத் தொடங்கியபோது, பரிமாறுவது முற்றிலும் நிறுத்தப்பட்டு, விளக்குகள் அணைக்கப்பட்டு, அவர் முகத்தின்மேல் மட்டும் ஒரு வெளிச்சம் விழும். ஒரு கோப்பையை மேசையில் வைக்கும் ஓசைகூட அதிகம் என்று கருதிய இடத்தில்தான் அந்தப் பாட்டு புகழ் பெற்றது. இந்த இசையை வளர்த்தவை பெரிய மண்டபங்கள் அல்ல, இப்படிப்பட்ட கூடங்களே. அதே ஊரில் 1935 முதல் இயங்கிவரும் வில்லேஜ் வேன்கார்டும் சுமார் 120 பேர் உட்காரக்கூடிய ஒரு நிலவறைதான்.

இப்போது ஏ பிளாக் தரைத்தளத்துக் குடும்பங்களின் குறை. அவர்கள் வீட்டுக்கு நான் இருமுறை போனேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. குரல் அவர்களுக்குக் கேட்பதில்லை. ஆனால் சுவர் வழியாக ஒரு "தும் தும்" அதிர்வு வருகிறது, குழந்தை தூங்கும் அறையில் அது அதிகம் என்றார்கள். அது டபுள் பாஸின் ஓசை. கீழ்ச்சுருதி ஓசை காற்றில் வருவதைவிடத் தரையிலும் சுவரிலும் ஏறி எளிதாகப் பயணம் செய்யும். அந்த வாத்தியத்துக்கான ஒலிபெருக்கிப் பெட்டியை வெறும் தரையின்மேல், அவர்கள் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சென்ற ஜூலையில் வேறொரு டிரம் கலைஞர் முழு டிரம் செட்டோடு வந்து, குச்சிகளால் வாசித்த இரவும் ஒன்று உண்டு. அன்று என் வீட்டிலும் கேட்டது, நானே கடைக்காரரிடம் சொன்னேன், அதன் பின் அது நடக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து வருபவர்கள் நம் வாசலருகே நின்று அரை மணி நேரம் பேசுவதும், இரண்டு சக்கர வண்டிகளைக் கேட்டை அடைத்து நிறுத்துவதும் உண்மையான தொல்லைகளே. பாஸ் பெட்டியைத் தடிமனான ரப்பர் மெத்தைமேல் ஏற்றிச் சுவரிலிருந்து விலக்கி வைத்தால், பக்கத்துக் கதவைச் சாத்திக் கனமான திரை போட்டால், வண்டிகளுக்கு எதிர்ப்புற வங்கியின் முன்னிடத்தைக் கேட்டு வாங்கினால் இவை பெருமளவு தீரும். ஆனால் உங்கள் தீர்மானத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். பாஸ் பற்றியோ வண்டிகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்று; நீங்கள் நிறுத்தியது, அந்த வீட்டுக்குக் கேட்கவே கேட்காத குரலை.

சட்டம் பற்றியும் அறிவிப்பில் பொதுவாக ஒரு வரி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஒரு தனியார் இடத்தின் எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் மீறக்கூடாது என்பதும் விதியில் உள்ளது. நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடிகிறது. செயற்குழு ஒருமுறையாவது ஒலியளவை அளந்து பார்த்ததா? நான் மூன்று மாதங்கள் அம்மாவின் ஜன்னலில் கைப்பேசிச் செயலியை வைத்துப் பார்த்தேன். அது முறையான கருவி அல்ல, அதன் எண்களை நான் சான்றாக வைக்கவில்லை. பாட்டின்போதும் பாட்டில்லாதபோதும் முள் ஒரே இடத்தில் நின்றது, பேருந்து திரும்பும்போது மட்டும் ஏறியது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி பெற வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. கடைக்காரரிடம் அது இல்லையென்றால் பெறச் சொல்லுங்கள், அது முறை. அளக்காமல் தீர்ப்பெழுதுவது முறையாகாது. நம் வளாகத்தின் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் ஒலிபெருக்கிகள் நள்ளிரவைத் தாண்டியும் முழங்கின. அது நம் வீட்டுப் பிள்ளைகளின் மகிழ்ச்சி என்பதால் என் அம்மா உட்பட எல்லோரும் பொறுத்துக்கொண்டோம். நமக்கு ஓர் அளவு, பக்கத்துக் கூடத்துக்கு வேறோர் அளவு என்று வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

என்னை மிகவும் புண்படுத்தியது தீர்மானத்தின் நான்காம் பத்தி. "நம் பகுதியின் பண்பாட்டுக்கு ஒவ்வாத மேற்கத்திய இரவு நிகழ்ச்சி" என்றும், "பெண்கள் இரவு நேரத்தில் இத்தகைய இடங்களில் பாடுவது தவறான முன்னுதாரணம்" என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் பெரம்பூரைச் சேர்ந்தவர். பகலில் ஒரு பள்ளியில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதி நடனங்களுக்கு டிரம்பெட் வாசித்தவர். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இந்த இசையை வாசித்துவரும் ஒரு குடும்பத்துப் பெண்ணின் பாட்டை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வளாகத்தில் குடியேறிய நாம் ஊருக்கு ஒவ்வாதது என்கிறோம்.

இதே ஊரில், மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் என்ற சிறிய இரவு விடுதியில்தான் 1969இல் புடவை கட்டிய ஓர் இளம் தமிழ்ப்பெண் மைக் பிடித்துப் பாடத் தொடங்கினார். அன்று அவர் உஷா ஐயர். இன்று நாடறிந்த உஷா உதுப். 2024இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது நம் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. அந்த விடுதியின் அக்கம்பக்கத்தார் அன்று ஒரு கடிதம் எழுதிக் காவல் நிலையத்துக்கு நகல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கும் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, 1958இல், டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு சென்னைக்கு வந்தபோது, குழுவின் டிரம் கலைஞர் ஜோ மொரெல்லோவும் நம் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். லய உலகில் பழனியாரின் இடம் எது என்பதைச் செயற்குழுவில் இருக்கும் சங்கீத ரசிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வாதது என்று அவர் எழுந்து போய்விடவில்லை.

ஓர் அமைப்பு தன் கையில் உள்ள அதிகாரத்தால் பாட்டை வரையறுக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. நியூயார்க்கில் 1926இல் வந்த காபரே சட்டத்தின் தொடர்ச்சியாக, 1940 முதல் 1967 வரை மது பரிமாறும் இடங்களில் பாடுவோரும் வாசிப்போரும் காவல் துறை தரும் அட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டியிருந்தது. 1947இல் தண்டனை பெற்ற பில்லி ஹாலிடே அந்த அட்டையை இழந்தார். 1948 மார்ச்சில் கார்னகி ஹாலில் அவர் பாடக் கேட்க இடமில்லாமல் கூட்டம் நிரம்பியது. ஆனால் அவருடைய கலை வளர்ந்த சிறிய விடுதிகளில் அவர் இறக்கும்வரை முறையாகப் பாட முடியவில்லை. அதே சட்டத்தின் பெயரால், உரிமம் இல்லாத சிறிய அரங்கங்களில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக்கூடாது, பியானோவும் தந்தி வாத்தியங்களும் இருக்கலாம், ஊதும் வாத்தியமும் டிரம்மும் கூடாது என்று ஒரு விதியும் நீண்ட காலம் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது போயிற்று. சட்டமே 2017இல்தான் நீக்கப்பட்டது. கீபோர்டு இருக்கலாம், குரல் கூடாது என்னும் உங்கள் தீர்மானத்தைப் படித்தபோது எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வந்தது. கொல்கத்தாவின் பார்க் தெருவில் பாம் கிரெய்ன் போன்ற ஜாஸ் பாடகிகள் இரவுதோறும் பாடிய உணவகங்களும், கேளிக்கை வரியும் வேறு சில காரணங்களும் சேர்ந்து அழுத்தியதில் 1970களில் ஒவ்வொன்றாகப் பாட்டை நிறுத்திக்கொண்டன. அங்கே மேடை போன பிறகு அடுத்த தலைமுறைப் பாடகர்கள் எங்கே நின்று பழகியிருப்பார்கள்? நம் கூடத்துப் பெண்ணுக்கும் இந்த ஊரில் மாதம் தவறாமல் நிற்கக் கிடைத்திருக்கும் மேடை இது ஒன்றுதான் என்று அவரே என்னிடம் சொன்னார்.

எனவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை.

பாட்டுக்கும் மைக்குக்கும் விதித்திருக்கும் தடையைப் பொதுக்குழு கூடும்வரை நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைத்திருப்பதைக் காவல் நிலையத்துக்கும் கடைக்காரருக்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அவர் பயம் தீராது.

வரும் முதல் சனிக்கிழமை நிகழ்ச்சி வழக்கம்போல், பாட்டோடும் மைக்கோடும் நடக்கட்டும். அன்று செயற்குழுவில் இருவர் ஏ பிளாக் தரைத்தளத்தில் அந்தக் குழந்தை தூங்கும் அறையிலும், இருவர் என் வீட்டிலும், இருவர் கூடத்துக்கு உள்ளேயும் இருங்கள். முறையாகச் சோதிக்கப்பட்ட ஒலியளவுக் கருவியால் பாட்டுக்கு முன்பும் பாட்டின்போதும் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். கருவிக்கான வாடகையை நான் தருகிறேன். எண்கள் எதுவாக இருந்தாலும், எனக்கு எதிராகவே இருந்தாலும், அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஏ பிளாக் குடும்பத்தினரையும் கடைக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பாஸ் பெட்டியை எங்கே வைப்பது, கதவு எப்போது சாத்தியிருக்க வேண்டும், டிரம்மில் பிரஷ் மட்டுமே என்பது, ஒன்பதரைக்குள் கூடம் காலியாவது, வண்டிகள் நிற்கும் இடம் ஆகியவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். வாசலில் நின்று பேசுபவர்களை நகரச் சொல்லும் பொறுப்பை ஆறு மாதங்களுக்கு நான் ஏற்கிறேன். இந்த நிபந்தனைகள் மீறப்பட்டால் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி முதலில் கையெழுத்திடுபவளும் நானாகவே இருப்பேன். அதே கால வரம்பும் ஒலி வரம்பும் நம் வளாகத்தின் சொந்த விழாக்களுக்கும் பொருந்தும் என்று தீர்மானத்தில் சேருங்கள்.

நான்காம் பத்தியைத் தீர்மானத்திலிருந்து முழுவதும் நீக்குங்கள். அந்தப் பெண்ணின் பெயர் குறிப்பிடப்படாவிட்டாலும் அங்கே பாடுபவர் அவர் ஒருவரே. அது அவரைப் பற்றியதுதான் என்பதை அறியாதவர் யாருமில்லை. நீக்கியதை அவருக்கு ஒரு கடிதமாகச் சங்கத்தின் சார்பில் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் சனிக்கிழமைக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன. வாசிப்பவர்கள் தங்கள் தேதியை உறுதிசெய்ய ஒரு வாரமாவது வேண்டும் என்பதால் உங்கள் எழுத்துமூலமான பதிலை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறேன். நிகழ்ச்சி நடக்கும் சனிக்கிழமை மாலை ஆறரை மணி முதல் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். அம்மாவின் அறை ஜன்னலருகே செயற்குழுவினருக்காக இரண்டு நாற்காலிகள் போட்டு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் தளக் குடியிருப்பாளர்